ஏற்றத்தில் நின்றுபோகிற கார்: பெற்றோல் பில்டரை வீட்டிலேயே மாற்றலாமா?

தலவாக்கலை_பையன்

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. என்னிடம் இருப்பது 800 சீசீ பழைய கார்புரேட்டர் கார். சமதரையில் ஒரு குறையும் இல்லை, ஆனால் லிந்துலை தாண்டி நானுஓயா ஏற்றத்தில் இரண்டாம் கியரில் போகும்போது வெட்டி வெட்டி இழுத்து அப்படியே நின்றுவிடுகிறது. ஓரங்கட்டிப் பத்து நிமிடம் விட்டால் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிறது. போன ஞாயிறு அம்மாவை நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகும்போது முன்னால் பனிமூட்டம், பின்னால் பஸ், வளைவில் நின்றுவிட்டது. அம்மா பயந்தே போனார். பிளக் புதிது. பில்டரை எப்போது மாற்றியது என்று எனக்கு விற்றவருக்கே தெரியவில்லை. பொனட்டைத் திறந்தால் ரப்பர் ஹோஸுக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் டப்பா, உள்ளே இருக்கிற தாள் தேயிலைச் சாயம் மாதிரி இருக்கிறது. நானே மாற்றலாமா?

பண்டாரவளை_பழைய_பாஸ்

தாராளமாக மாற்றலாம் தம்பி. சமதரையில் என்ஜின் குடிப்பது கொஞ்சம், அடைத்த பில்டர் வழியாகவும் அது வந்துவிடும். ஏற்றத்தில் கேட்பது அதிகம், வருவது போதாது, கார்புரேட்டரில் பெற்றோல் தேங்கி நிற்கிற கிண்ணம் காய்ந்துவிடுகிறது.

காலையில் என்ஜின் ஆறியிருக்கும்போது வெட்டவெளியில் வைத்துச் செய்யுங்கள். பற்றரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள், பெற்றோல் மூடியை ஒருமுறை திறந்து காற்றை விடுங்கள். கீழே ஒரு தகர டப்பா வையுங்கள். கிளிப்பைக் குறட்டால் நெருக்கிப் பின்னால் தள்ளி ஹோஸை நேராக இழுக்காமல் முறுக்கி முறுக்கிக் கழற்றினால் கிழியாது. டாங்கிப் பக்கத்து ஹோஸ் வாயில் உடனே ஒரு சுத்தமான போல்ட்டைச் செருகிவிடுங்கள், இல்லாவிட்டால் பெற்றோல் கைவழியாக முழங்கை வரை ஓடும். புதிய பில்டரில் அம்புக்குறி இருக்கும், அது என்ஜின் பக்கம் பார்க்க வேண்டும். ஹோஸ் நுனியை மடித்துப் பாருங்கள், வெடிப்புத் தெரிந்தால் அதையும் மாற்றுங்கள். பெற்றோலுக்கென்று விற்கிற ஹோஸ்தான் வேண்டும், தண்ணீர்க் குழாய் கொஞ்ச நாளில் ஊறிப் பிய்ந்துவிடும். கிளிப்பும் புதிதாகவே போடுங்கள், அதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

அப்புறம் ஒன்று. பழைய பில்டரை எறிய வேண்டாம். டாங்கியிலிருந்து பெற்றோல் வருகிற வாயைக் கீழே திருப்பி ஒரு வெள்ளைக் கோப்பையில் கவிழ்த்துப் பாருங்கள்.

இராகலை_அக்கா

தம்பி, வெட்டவெளி என்று பாஸ் சொன்னதை லேசாக எடுக்காதீர்கள். 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் குறியீட்டைக் காட்டி வரிசையில் நின்று வாங்கிய பெற்றோலை, லயத்தில் பக்கத்துக் காம்பராக்காரர் (அடுத்த வீட்டுக்காரர்) இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில் வைத்து ஒரு கேனிலிருந்து இன்னொரு கேனுக்கு ஊற்றினார். அடுப்பு ஏழெட்டு அடி தள்ளித்தான் இருந்தது. பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தரையாக ஊர்ந்து போகும். நெருப்பு அடுப்பிலிருந்து கேனுக்கு ஓடி வந்ததை நான் கண்ணால் பார்த்தேன். ஈரச் சாக்கைப் போட்டு அணைத்தார்கள், அவருடைய கால் வெந்துவிட்டது. பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டு, பக்கத்தில் ஒரு வாளி மணலும் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

ஹட்டன்_வேன்

இதைப் படித்துவிட்டு இஎஃப்ஐ கார் (கார்புரேட்டர் இல்லாமல் பெற்றோலை அழுத்தத்தில் பீச்சுகிற வகை) வைத்திருப்பவர்கள் அப்படியே இறங்கிவிட வேண்டாம். அந்த லைனில் பொதுவாக 3 பார் அளவுக்கு அழுத்தம் இருக்கும், கிளிப்பைத் தளர்த்தினால் முகத்தில் பீச்சும். பம்ப் பியூஸைக் கழற்றி, என்ஜினை ஸ்டார்ட் செய்து தானாக நிற்கும் வரை ஓடவிட்டு, அதன் பிறகுதான் கைவைக்க வேண்டும். இப்போது வருகிற பல கார்களில் பில்டர் டாங்கிக்குள்ளே பம்போடு சேர்ந்தே இருக்கிறது, அதைக் கராஜில் கொடுப்பதே நல்லது. என்னுடையது டீசல் வேன். அதில் பில்டருக்குக் கீழே தண்ணீர் இறக்கும் திருகு உண்டு, மாற்றிய பிறகு கைப்பம்பை அது இறுகும் வரை அமுக்கிக் காற்றை எடுத்தால்தான் ஸ்டார்ட் ஆகும். நம் குளிருக்குப் பாதி டாங்கியோடு இரவு முழுக்க நிறுத்தினால் உள்ளே நீர் வியர்க்கும். முடிந்தவரை மாலையிலேயே நிரப்பிவிடுங்கள்.

தலவாக்கலை_பையன்

மாற்றிவிட்டேன். பாஸ் சொன்ன மாதிரி வெள்ளைக் கோப்பையில் கவிழ்த்தேன், செங்கல் தூள் போல இறங்கியது, அடியில் இரண்டு மூன்று தண்ணீர் முத்துக்களும் தனியாக உருண்டன. முதலில் ஸ்டார்ட் ஆக அரை நிமிடம் சுற்ற வேண்டியிருந்தது. பத்து நிமிடம் ஓடவிட்டு இரண்டு கிளிப்பையும் விரலால் தடவிப் பார்த்தேன், ஈரமே இல்லை. இன்று காலை நானுஓயா வரை நிற்காமல் ஏறியது, அம்மாவும் கூட வந்தார். ஆனால் அந்தத் தூள் டாங்கித் துருதானே பாஸ்?

பண்டாரவளை_பழைய_பாஸ்

துருதான். புதிய பில்டரை ஒரு மாதம் கழித்துப் பாருங்கள், மறுபடி சிவந்திருந்தால் டாங்கியை இறக்கிக் கழுவத்தான் வேண்டும். அதுவரை டாங்கியை அடிமட்டத்துக்கு வற்றவிடாதீர்கள் தம்பி, இன்னொரு பில்டரும் வாங்கி டிக்கியில் வையுங்கள்.