நீதிபதி கையெழுத்து எங்கே சார்?

வழிப்போக்கன்:
"ஐஸ் (அமெரிக்கக் குடியேற்ற அமலாக்கத் துறை) கேட்டால் எந்த ஊர் கவுண்டி (மாவட்ட) ஜெயிலும் ஆளைப் பிடித்து வைத்தே ஆக வேண்டும், வைக்காத ஷெரிஃபை (கவுண்டி போலீஸ் தலைவரை) முதலில் உள்ளே தள்ளணும்" என்று டல்லாஸ் சேகர் நேற்று அளந்துவிட்டுப் போனார். அதற்கு லைக் வேறு. சேகர் சார், ஐஸ் ஜெயிலுக்கு அனுப்பும் அந்த டீட்டெய்னர் தாளைக் கண்ணால் பார்த்ததுண்டா? வெளியே விட வேண்டிய ஆளை மேலும் 48 மணி நேரம் வைத்திருக்கச் சொல்கிறது. கூட வரும் வாரண்டில் கையெழுத்துப் போடுவது குடியேற்ற அதிகாரி. நீதிபதி கையெழுத்து எங்கே?

டல்லாஸ் சேகர்:
வந்துவிட்டார் வக்கீல். ஜெயிலில் எடுக்கிற கைரேகை எஃப்பிஐ வழியாகத் தானாகவே குடியேற்றத் துறைக்குப் போகிறது. சும்மா யாரையும் கேட்பதில்லை. டெக்சாஸில் 2017இலேயே எஸ்பி 4 சட்டம் வந்து, ஜெயில்கள் டீட்டெய்னரை மதித்தே ஆக வேண்டும் என்றாகிவிட்டது. ஐந்தாவது சர்க்யூட் என்கிற ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2018இல் அதில் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டது. போதுமா?

வழிப்போக்கன்:
அது உங்கள் மாநிலம் போட்ட சட்டம். நீங்கள் பேசியது "எந்த ஊர் ஜெயிலும்". மூன்றாவது சர்க்யூட் 2014இல் என்ன சொன்னது? டீட்டெய்னர் வெறும் வேண்டுகோள், கட்டளை இல்லை. சும்மா கேட்பதில்லையாம்! அந்த வழக்கைப் போட்டவர் நியூஜெர்சியில் பிறந்த அமெரிக்கக் குடிமகன். ஜாமீன் கட்டிய பிறகும் பென்சில்வேனியாவின் லீஹை கவுண்டி ஜெயில் அவரை விடவில்லை. மறுபடி கேட்கிறேன், கையெழுத்து எங்கே?

கலா:
சரணாலய நகரம், அதாவது ஐஸுக்கு ஒத்துழைக்காத ஊர், என்று எதைச் சொல்கிறீர்கள் இரண்டு பேரும்? 287(ஜி) என்பது 1996 சட்டத்தில் வந்த ஒப்பந்த முறை. பயிற்சி எடுத்த உள்ளூர் போலீஸ் ஐஸ் மேற்பார்வையில் வேலை செய்யும். டீட்டெய்னர் வேறு. இதை முதலில் பிரித்துக்கொண்டால்...

டல்லாஸ் சேகர்:
அதெல்லாம் அப்புறம், கலா. குடியேற்ற வழக்கு சிவில் வழக்கு, அதிகாரி கையெழுத்தே போதும், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸே அப்படித்தான் வைத்திருக்கிறது. வரிசையில் நின்று, வயிற்றைக் கட்டி கிரீன் கார்டு வாங்கினவனுக்குத்தான் இந்த எரிச்சல் புரியும். சிலருக்குக் கல்யாணத்திலேயே கார்டு கிடைத்துவிட்டது.

வழிப்போக்கன்:
என் கல்யாணம் எங்கிருந்து வந்தது? போன எச்1பி (வேலை விசா) திரியில் வாங்கின அடி இன்னும் ஆறவில்லை போலிருக்கிறது. அதிகாரி கையெழுத்து ஐஸ் ஆளுக்குப் போதும். கவுண்டி ஜெயிலருக்கு? 2014இலேயே கிளாக்கமஸ் கவுண்டி வழக்கில் ஆரிகன் ஃபெடரல் நீதிமன்றம் சொன்னது: டீட்டெய்னரை மட்டும் நம்பி வைத்திருந்தது நியாயமில்லாமல் ஆளைப் பிடித்து வைப்பதைத் தடுக்கும் அரசியல் சட்ட நாலாவது திருத்தத்தை மீறிய செயல். இன்னொன்று, 1997இல் துப்பாக்கிச் சட்டத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனதே ஷெரிஃப்கள்தான். வாஷிங்டன் (மத்திய அரசு) எங்களுக்கு வேலை ஏவக் கூடாது என்றார்கள், ஜெயித்தார்கள். துப்பாக்கிக்கு ஒரு நியாயம், டீட்டெய்னருக்கு ஒரு நியாயமா?

பாலு அண்ணன்:
சேகர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது தம்பி. ஜெயிலுக்குள் ஒப்படைக்காவிட்டால் ஐஸ் தெருவில் வந்துதான் பிடிக்கும். பக்கத்தில் நிற்கிறவனும் மாட்டுவான்.

வழிப்போக்கன்:
அண்ணே, அதற்கும் கையெழுத்துக்கும் என்ன சம்பந்தம்? போன மாதம் என்னை "அரைகுறை" என்றதும் நீங்கள்தானே?

பாலு அண்ணன்:
அரைகுறை என்று சொல்லவில்லை, "அவசரக்குடுக்கை" என்றேன்.

டல்லாஸ் சேகர்:
அண்ணன் சொன்னது இரண்டுமே பொருத்தம்தான். எஸ்பி 4 படித்துவிட்டு வாருங்கள்.

வழிப்போக்கன்:
படித்தாயிற்று. அதிலும் தேடினேன். நீதிபதி கையெழுத்து எங்கே சார்?