மறு: யூஸ் ஃபிளாக்: தமிழில் எப்படிச் சொல்வது?

அனைவருக்கும் வணக்கம். ஜென்டூ லினக்ஸில் மென்பொருள் பொதிகளை மூலநிரலிலிருந்து தொகுக்கும்போது (கம்பைல் செய்யும்போது) எந்த வசதி சேர வேண்டும், எது வேண்டாம் என்று பயனர் குறிப்பதே யூஸ் ஃபிளாக். அதன் தமிழ்ப் பெயர் குறித்து வந்த ஒரு கருத்துக்கு என் பதில் இது.

> ‘பயன்கொடி’ என்றே வைத்துக்கொள்ளலாமே. சுருக்கமாக இருக்கிறது.

சுருக்கம் சரி. ஆனால் தொகுப்பதற்கான விதிகளை எழுதிவைக்கும் ஜென்டூவின் மேக்.கான்ஃப் கோப்பைத் திறந்து பாருங்கள். சிஃபிளாக்ஸ், யூஸ் இரண்டும் அதே கோப்பில் இருக்கும். மூலநிரலை எந்த நுண்செயலிக்கு ஏற்ப, எந்த அளவு உகப்பாக்கத்தோடு தொகுப்பது என்று முதலாவது சொல்கிறது. மென்பொருளுக்குள் எது இருக்கும், எது இருக்காது என்பதை இரண்டாவது முடிவு செய்கிறது. இரண்டையும் ‘கொடி’ என்றால் புதிதாக வருபவர் குழம்பிப்போவார்.

‘அமைப்பு’, ‘விருப்பம்’ என்று வந்த பரிந்துரைகளிலும் எனக்குத் தயக்கம்தான். அவை நிரலைத் திறந்து பட்டியில் மாற்றிக்கொள்பவை. படங்களைக் கையாளும் இமேஜ்மேஜிக் பொதியை ‘-வெப்பி’ என்று கழித்தல் குறியிட்டுத் தொகுத்தால், வெப்பி படங்களைக் கையாளும் பகுதி நிரலில் சேரவே சேராது. பிறகு லிப்வெப்பி நிரலகத்தைத் தனியாக நிறுவினாலும் பயனில்லை; குறியை எடுத்துவிட்டுப் பொதியை மறுபடி தொகுத்தாக வேண்டும். ஆக்கும்போதே எல்லாம் முடிவாகிவிடுகிறது என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

என் பரிந்துரை: ஆக்கத்தெரிவு. ‘தேர்வு’ என்றால் பரீட்சை நினைவு வரும். ‘தெரிவு’ இலங்கை வழக்கில் நன்கு பழகிய சொல்.

----

ஐயா, வணக்கம்.

தெரிவு பிடித்திருக்கிறது. ஆனால் ஆக்கம் என்றதும் கதை, கவிதை நினைவுக்கு வருகிறதே? ‘கூறுத்தெரிவு’ எப்படி? இன்னொன்று: தொகுப்பதற்கு முன் ஓட்டும் கான்ஃபிகர் கட்டளையில் ‘எனேபிள்’ என்று தொடங்குபவை பொதிக்குள்ளேயே இருக்கும் வசதிகளுக்கு, ‘வித்’ என்று தொடங்குபவை வெளியிலிருந்து வரும் நிரலகங்களுக்கு. இரண்டுக்கும் ஒரே சொல் போதுமா?

----

நல்ல கேள்வி. ஜென்டூவில் பயனர் எழுதுவது ஒரே யூஸ் வரிதான். அதை எனேபிளாகவோ வித்தாகவோ மாற்றித் தருவது, பொதியைத் தொகுக்கும் வழிமுறையைக் கொண்ட ஈபில்ட் கோப்பின் வேலை. எனவே பயனருக்கு ஒரு சொல் போதும். பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் ‘உள்வசதி’, ‘வெளிச்சார்பு’ என்று எழுதலாம்.

கூறுத்தெரிவு அழகான சொல். நிறுவும்போது வேண்டிய பகுதிகளைக் குறியிடும் திரைக்கு அது அப்படியே பொருந்தும். அங்கே எதையும் தொகுப்பதில்லை; அதனால் இங்கே ஆக்கத்தெரிவே இருக்கட்டும். ‘மென்பொருள் ஆக்கம்’ ஏற்கெனவே புழங்குவதால் கதை, கவிதைக் குழப்பம் வராது.

கையேட்டில் இந்த வரியை இப்படி இடுகிறேன்: “ஆக்கத்தெரிவை மாற்றினால், அந்த மாற்றம் தொடும் பொதிகளை மீண்டும் தொகுக்க வேண்டும்.” வாய்விட்டுப் படித்துப் பார்த்து, இடறினால் எழுதுங்கள்.