ஃப்ளை ராட்: "வெயிட்", "ஆக்‌ஷன்" ரெண்டுக்கும் தமிழ்ல என்ன போடலாம்? வெள்ளிக்குள்ள வேணும்

ஜெலுத்தோங்கிலிருந்து:

வணக்கம். நம்ம மீன்பிடி வகுப்புக்கு ஃப்ளை ராட் (ஈ மாதிரி கட்டின பொய் இரையை வீசற தூண்டில்) எப்படிப் பார்த்து வாங்கறது, கைக்கு ஏத்த மாதிரி எப்படி மாத்திக்கறதுன்னு நாலு பக்கக் குறிப்பு எழுதறேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும். ரெண்டு சொல்லுல நிக்குது. 8 வெயிட்னா அது ராடோட எடை இல்ல, அது வீசற கயிறோட எடைப் பிரிவு. அந்தக் கயிறோட முதல் 30 அடி 210 கிரெயின், ஏறக்குறைய 13.6 கிராம். 5 வெயிட்டுக்கு 140 கிரெயின். "8 எடைத் தூண்டில்"னு போட்டா கனமான தடின்னு நெனச்சு ஒதுக்கிடுவாங்க. அடுத்தது ஆக்‌ஷன்: நுனிப்பக்கம் மட்டும் வளைஞ்சு சட்டுனு நேராகறது ஃபாஸ்ட், அடி வரைக்கும் வளையறது ஸ்லோ. "செயல்"னு எழுதினேன், ஒண்ணுமே புரியல, அழிச்சிட்டேன்.

பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து:

தம்பி, குறுந்தொகை 54 இருக்கும்போது எதுக்குத் தேடணும்? கவண் சத்தத்துக்கு மிரண்டு யானை கைவிட்ட பசுங்கழை "மீன் எறி தூண்டிலின் நிவக்கும்". வளைஞ்சது விடுபட்டு மேல எழும்பறதுதான் நிவத்தல், நீங்க சொல்ற ஆக்‌ஷன் அப்படியே அதுல இருக்கு. அந்த வரியாலயே புலவருக்கு மீனெறி தூண்டிலார்னு பேர். நிவப்புன்னு வைங்க, தடிக்குக் கழைன்னு வைங்க. இன்னொண்ணு, மலாய்க்காரங்க தூண்டிலுக்கு 'காயில்'னு சொல்றாங்களே, அது நம்ம கயல்தான்னு ரொம்ப நாளா எனக்கு ஒரு எண்ணம். கப்பல், கடைங்கற நம்ம சொல்லுங்க மலாய்க்குப் போன வழியிலதான் இதுவும் போயிருக்கணும்.

செந்தூலிலிருந்து:

ஐயா, காயில் அப்படி இல்லீங்க. பிலிப்பைன்ஸோட தகாலோக் மொழியிலயும் 'காவில்'னா தூண்டில் முள்தான், அது அந்த மொழிக் குடும்பத்துக்கே சொந்தமான சொல். கப்பல், கடை வேற கதை. கழைன்னா மூங்கில், இன்னிக்கு கடையில கிடைக்கறதெல்லாம் கார்பன். நிவப்பு கேட்க அழகா இருக்கு, ஆனா வகுப்புக்கு வர்றவங்க அகராதியைத் தூக்கிட்டு வர மாட்டாங்க. நிமிர்வுன்னு போடலாமே? வேக நிமிர்வு, நடு நிமிர்வு, மெது நிமிர்வு. படிச்ச உடனே புரியும்.

பட்டர்வொர்த்திலிருந்து:

அக்கா சொல்றதுதான் சரி. நான் தெமெங்கோர் ஏரிப் பக்கம் தோமான் மீனுக்கு 8 நம்பர்தான் வச்சிருக்கேன், எங்க ஆளுங்க வாயில "நம்பர்"தான் வரும், கயிறு நம்பர்னே போடுங்க. பிடியைப் பத்தி ரெண்டு வரி சேர்த்துடுங்கண்ணே, காசு வீணாகறது அங்கதான். கார்க் பிடி தடியா இருந்தா உப்புத்தாள் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமா தேய்ச்சு கைக்குப் பொருந்தற அளவுக்குக் கொண்டு வரலாம், ஆனா தேய்ச்சது திரும்ப வராது. அதனால ரீலை மாட்டிப் பிடிச்சுப் பார்த்துட்டு அப்புறம் தேய்க்கணும், நுனி பாரமா இருந்தா மணிக்கட்டு வலிக்கறதுக்குப் பிடியைக் குத்தம் சொல்லிப் பயனில்ல. பழகறவங்களுக்கு நடுத்தர விலை ராடும் நல்ல கயிறும் போதும், விலை உசந்த ராடுல மட்டமான கயிறைப் போட்டா வீச்சே வராது.

பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து:

நம்பர் எதுக்கு, எண் இருக்கே. கயிற்றெண். கிரெயினையும் குன்றிமணின்னு எழுதலாம், நம்ம தட்டார் இன்னும் மறக்கல.

செந்தூலிலிருந்து:

கயிற்றெண் எனக்குச் சம்மதம். குன்றிமணி மட்டும் வேணாங்க ஐயா, அது கிரெயினைவிட ஏறக்குறைய ரெண்டு மடங்கு, கணக்கு மொத்தமும் மாறிப் போயிடும்.

ஜெலுத்தோங்கிலிருந்து:

சரி, கயிற்றெண், நிமிர்வு ரெண்டையும் போட்டுடறேன். முதல் தடவை வர்ற இடத்துல மட்டும் "கடையில வெயிட்னு கேளுங்க"ன்னு ஒரு வரி. ராடுக்குத் தூண்டில் தடி. கிரெயின் அப்படியே இருக்கட்டும், பக்கத்துல கிராம் தர்றேன்.

பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து:

போடுங்க, தடுக்கல. ஆனா என் மறுப்பு மறுப்புதான். நிமிர்வு சும்மா நேராகறதைத்தான் சொல்லுது, அந்த எழுச்சி அதுல இல்ல. சங்கப் புலவர் கண்ணால பார்த்து வச்ச சொல்லை நாமளே புழங்கலேன்னா வேற யார் புழங்குவாங்க?

பட்டர்வொர்த்திலிருந்து:

ஐயா கோவிச்சுக்காதீங்க. அண்ணே, தலைப்புல "ஈத்தூண்டில்"னு பார்த்தேன். தோமானுக்கு நாங்க கட்டறது தவளை மாதிரி, குட்டிமீன் மாதிரி. அதைப் போயி ஈன்னு எப்படி எழுதறது?