லத்தீனோ கே ஆண்களுக்கு லத்தீனோ தெரபிஸ்ட்தான் வேண்டுமா?

வைகைக்கரை:
லாஸ் ஏஞ்சல்ஸில் சமூகப்பணி முதுகலை படிக்கிறேன். பயிற்சிக்கு என்னைப் போட்டிருப்பது நகரின் கிழக்கே ஒரு மனநல மையம். வருபவர்களில் பெரும்பாலானோர் லத்தீனோக்கள், அதாவது லத்தீன் அமெரிக்க வழிவந்தவர்கள்: மெக்சிகோ, எல் சால்வடோர், குவாத்தமாலா குடும்பங்கள். கே (ஒருபாலீர்ப்பு) ஆண்களும் நிறைய. ஸ்பானிஷ் பேசும் தெரபிஸ்ட்கள் இரண்டே பேர், அவர்களில் ஒருவர்தான் கே. எல்லோரும் அவருக்காகவே காத்திருக்கிறார்கள். அவரோ மதியச் சாப்பாட்டை நோட்ஸ் எழுதிக்கொண்டே முடிக்கிறார்.

நானும் கே தான், மதுரைக்காரன். என்னைச் சேர்த்ததும் மையத்தில் பன்மைத்தன்மை கூடிவிட்டது என்று மேற்பார்வையாளருக்குச் சந்தோஷம். என் ஸ்பானிஷ் டாக்கோ வண்டியைத் தாண்டாது என்பது அவருக்கும் தெரியும்! இனமும் மொழியும் ஒன்றாக இருந்தால் சிகிச்சை உண்மையிலேயே நன்றாக நடக்கிறதா? துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

மருதாணி:
ஹூஸ்டனில் உளவியலாளராக இருக்கிறேன். 2015 கணக்குப்படி அமெரிக்க உளவியலாளர்களில் 86 சதவீதம் வெள்ளையர், ஹிஸ்பானிக், அதாவது ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் வழிவந்தவர்கள், 5 சதவீதம். மக்கள்தொகையில் அவர்கள் அப்போதே 17 சதவீதத்துக்கு மேல். ஆள் பற்றாக்குறை உங்கள் மையத்தோடு நிற்கவில்லை.

பலன் விஷயத்தில் ஆய்வுகள் கொஞ்சம் ஏமாற்றும். பல ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் கேப்ரல், ஸ்மித் இருவரும் பார்த்தார்கள். தன் இனத்தவர் வேண்டும் என்ற விருப்பம் வலுவாகவே இருந்தது. ஆனால் அப்படிக் கிடைத்ததால் சிகிச்சையின் பலனில் பெரிய வித்தியாசம் இல்லை. சரி, ஆனால் அது வந்து உட்கார்ந்தவர்களின் கணக்கு. வாசலோடு திரும்பிப் போனவன் அதில் எங்கே வருவான்?

இன்னொன்று. ரஃபேல் தியாஸ் குழுவினர் நியூயார்க், மயாமி, லாஸ் ஏஞ்சல்ஸில் 912 லத்தீனோ கே, இருபாலீர்ப்பு ஆண்களைச் சந்தித்து 2001இல் வெளியிட்ட ஆய்வைப் படியுங்கள். முந்தைய ஆறு மாதத்தில் 17 சதவீதம் பேருக்குத் தற்கொலை எண்ணம் வந்திருந்தது. கே ஆண்கள் மீதான வெறுப்போடு வறுமையையும் நிறவெறியையும் சேர்த்துத்தான் அவர்கள் பார்த்தார்கள். கே பாரிலேயே நிறத்துக்காக ஒதுக்கப்பட்டதை ஒருவன் சொல்லும்போது, வெள்ளைக்கார கே தெரபிஸ்ட்டுக்குப் பாதிதான் சொந்த அனுபவம். மீதியை அவர் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒர்லாண்டோவாசி:
2016 ஜூன் 12, எங்கள் ஒர்லாண்டோவில் பல்ஸ் என்ற கே இரவு விடுதியில் 49 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அன்று அங்கே லத்தீன் இரவு; இறந்தவர்களில் பெரும்பாலோர் லத்தீனோக்கள், நிறையப் பேர் போர்ட்டோ ரிக்கோக்காரர்கள். மகன் இறந்ததும் அவன் கே என்பதும் சில பெற்றோருக்கு ஒன்றாகவே தெரியவந்தன. அந்த அம்மாவிடம் ஆங்கிலத்தில் என்ன பேசுவீர்கள்? மொழிபெயர்க்கச் சித்தப்பா மகளை உட்கார வைத்தால் அவள் எதைச் சொல்வாள், எதை விழுங்குவாள்? தன் இனத்தவர் கிடைத்தாலும் பலனில் வித்தியாசம் இல்லை என்று ஆய்வு சொன்னால், அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நடுப்பக்கம்:
மறுபக்கமும் உண்டு. என் கொலம்பிய நண்பன் லத்தீனோ தெரபிஸ்ட்டே வேண்டாம் என்று அடம்பிடித்தான். அவர் தன் அம்மாவின் சர்ச்சுக்குப் போகிறவராக இருந்துவிட்டால்? நம் ஊர்ச் சங்கத்து டாக்டரிடம் நாம் வாயைத் திறப்போமா, யோசியுங்கள். அப்புறம், லத்தீனோ என்பதே ஒரே கூட்டம் இல்லை. குவாத்தமாலாவிலிருந்து வருபவனுக்கு வீட்டுமொழி கிச்சே என்ற மாயன் மொழியாக இருக்கலாம். ஸ்பானிஷே அவனுக்கு இரண்டாம் மொழி. என்னைக் கேட்டால், ஒருவனுக்குத் தேர்ந்தெடுக்க நாலு பேராவது இருக்க வேண்டும். இப்போது கிடைப்பது உங்கள் சகா ஒருவர் மட்டும்தான், அவரும் சீக்கிரம் ஓய்ந்துவிடுவார்.

வைகைக்கரை:
அவர் ஏற்கெனவே வேறு வேலை தேடுகிறார். மற்றவர்களுக்குள்ள அதே எண்ணிக்கையில் நோயாளிகள், அதற்கு மேல் எல்லோருடைய படிவங்களையும் ஸ்பானிஷில் எழுதித் தருவதும் அவர் தலையில்தான். அதற்குத் தனிச் சம்பளம் இல்லை. திங்கட்கிழமைக் கூட்டத்தில் முதலில் இதைக் கேட்கப் போகிறேன். மருதாணி, உங்கள் இடத்தில் இருமொழிப் பணிக்குக் கூடுதல் படி உண்டா? எவ்வளவு என்று சொன்னால் கையில் ஒரு கணக்கோடு போவேன்.