டிரைவால் செவுத்துல உயரமான புக் ஷெல்ஃபை எப்படி ஸ்ட்ராங்கா மாட்டுறது?

புத்தகமூட்டை:
வணக்கம் மக்களே. கனடா பிராம்ப்டன்ல ஒரு டவுன்ஹவுஸ் வாடகைக்கு எடுத்திருக்கோம். ஊருக்குப் போய்ட்டு வர்றப்பல்லாம் புத்தகமா தூக்கிட்டு வந்து இப்ப வைக்க இடம் இல்லாம ஐகியா பில்லி புக் ஷெல்ஃப் ரெண்டு வாங்கிட்டேன், ஒவ்வொண்ணும் 80 செ.மீ. அகலம், 202 செ.மீ. உயரம். பொண்ணுக்கு ரெண்டு வயசு, எதைப் பாத்தாலும் ஏறணும் அவளுக்கு, அதனால செவுத்தோட மாட்டாம வைக்க மனசு வரல. ஆனா இங்க செவுரு நம்ம ஊரு செங்கல் செவுரா என்ன, தட்டினா டொப்பு டொப்புன்னு வெத்து சத்தம்தான் வருது. பெட்டிக்குள்ள எல் ஷேப்ல ஒரு கிளாம்பு இருக்கு, ஆனா செவுத்துல போடுற ஸ்க்ரூ குடுக்கல, "உங்க செவுத்துக்கு ஏத்ததை வாங்கிக்கோங்க"ன்னு படம் மட்டும் போட்டிருக்கான். கடையில மஞ்சக் கலர் பிளாஸ்டிக் கட்டை வாங்கி ஒண்ணு அடிச்சுப் பாத்தேன், கையால இழுத்ததுக்கே வெள்ளை மாவு கொட்டிக்கிட்டு வெளிய வந்துருச்சு. ஒரு தட்டுக்கு 30 கிலோ வரைக்கும் வைக்கலாம்னு போட்டிருக்கான், அப்ப முழுசா அடுக்கினா நூறு கிலோவுக்கு மேல போயிரும்ல? இந்த அட்டைச் செவுரு அதைத் தாங்குமா? வீட்டு ஓனர் வேற ஓட்டை போட்டா மூஞ்சியைத் தூக்குவார்.

கதிர்வேல்_எம்:
முதல்ல பயத்தைக் குறைங்க பாஸ். நூறு கிலோவையும் தாங்குறது தரைதான், செவுரு இல்ல. நீங்க ஷெல்ஃபை தொங்கவிடல, நிக்குறதை முன்னாடி சாயாம பிடிச்சுக்குறீங்க, அவ்ளோதான். கணக்கு பாருங்க, 15 கிலோ குழந்தை ஷெல்ஃபோட முன் விளிம்புல இருந்து 20 செ.மீ. வெளிய தள்ளித் தொங்குதுன்னு வைங்க, 15 பெருக்கல் 20, 300. கிளாம்பு தரையில இருந்து 200 செ.மீ. உயரத்துல இருக்கு, 300ஐ 200ஆல வகுத்தா ஒன்றரை. ஷெல்ஃபோட சொந்த எடையைக் கணக்குலயே சேர்க்காம கிளாம்பு மேல வர்ற இழுப்பு ஒன்றரை கிலோதான்! உசரத்துல மாட்டச் சொல்றது இதுக்குத்தான், நடுவுல மாட்டினா அதுவே ரெண்டு மடங்காயிடும்.

அப்புறம் ஏன் பிளாஸ்டிக் கட்டை கூடாதுன்னா, இது சும்மா நிக்கிற கணக்கு, புள்ள சும்மாவா நிக்கும், பிடிச்சு ஆட்டும், அப்ப இழுப்பு பல மடங்காகும், இந்த டிரைவால் பலகைக்குள்ள இருக்குற ஜிப்சம்ங்கறது அழுத்தி வச்ச மாவு மாதிரி, ஆட்ட ஆட்ட கட்டையைச் சுத்தி உதிர்ந்து ஓட்டை பெருசாயிரும், வெளிய பாத்தா எதுவும் தெரியாது. ஒரு தடவை சாய ஆரம்பிச்சுட்டா அப்புறம் மேல் தட்டு புத்தகம் எல்லாம் சேர்ந்து தள்ளும். அதனால தடி தடி அகராதி, தொகுப்பு எல்லாம் கீழ் தட்டுல போடுங்க, மேல சின்னப் புத்தகம். 2016ல ஐகியா மால்ம் உள்பட டிராயர் பெட்டிகளை அமெரிக்காவுலயும் கனடாவுலயும் திரும்ப வாங்கினாங்களே, அது குழந்தைங்க மேல சாஞ்சு உயிர் போனதாலதான், அமெரிக்காவுல மட்டும் கிட்டத்தட்ட 2.9 கோடி பெட்டி. விளையாட்டு இல்ல இது.

ஸ்கார்பரோ_தச்சன்:
தம்பி, கதிர் சொன்ன கணக்குச் சரி. நான் உந்த டிரைவால் வேலைதான் செய்யிறன், சொல்லுறன் கேளுங்கோ. உங்கட சுவர் ரெண்டு பக்கமும் அரை இஞ்சி ஜிப்சம் பலகை, நடுவில ரூ பை ஃபோர் (2x4) மரம் நிக்குது, ஸ்டட் எண்டு சொல்லுறது. அனேகமா 16 இஞ்சிக்கு ஒண்டு, சில பார்ட்டிஷன்ல 24 இஞ்சி. மரத்தின்ர முகம் ஒண்டரை இஞ்சிதான், அதைப் பிடிச்சிட்டியள் எண்டால் அரைவாசி வேலை முடிஞ்சுது.

தட்டிப் பாத்துக் கண்டுபிடிக்கிறதெல்லாம் எங்களுக்கே சில நேரம் பிழைக்கும். நல்ல பவரான சின்னக் காந்தம் ஒண்டு எடுத்து சுவரில மெதுவா இழுத்துக்கொண்டு போங்கோ, ஜிப்சத்தை மரத்தில இறுக்கின ஸ்க்ரூத் தலையில டக்கெண்டு ஒட்டும். அதுக்கு நேர மேலயும் கீழயும் இன்னும் ரெண்டு இடத்தில ஒட்டிச்சுதெண்டால் அதுதான் ஸ்டட். பிளக் பாயிண்ட் பெட்டியும் ஒரு பக்கம் ஸ்டட்டிலதான் அடிச்சிருக்கும், அங்கயிருந்து 16 இஞ்சி அளந்து பாருங்கோ. கடைசியா, ஷெல்ஃப் மறைக்கிற இடத்தில மெல்லிய ஆணி ஒண்டை அடிச்சுப் பாருங்கோ: அரை இஞ்சிக்குப் பிறகும் இறுக்கமாப் போனால் மரம், பொசுக்கெண்டு உள்ளுக்குப் போனால் வெறும் காத்து.

ஸ்க்ரூ எட்டாம் நம்பர் இல்லாட்டி பத்தாம் நம்பர் வுட் ஸ்க்ரூ, ரெண்டு இஞ்சி நீளம் காணும். அந்தக் கறுப்பு டிரைவால் ஸ்க்ரூவைப் போடாதேங்கோ, அது எளிதில முறியிற சாமான், ஆட்டினால் தலை தெறிக்கும். முதல்ல சின்ன ஓட்டை போட்டிட்டு இறுக்குங்கோ. சுவிட்சுக்கும் பிளக்குக்கும் நேர மேல கீழ கை வைக்காதேங்கோ, வயர் ஓடும். ட்ரில் திடீரெண்டு இரும்பில முட்டினால் நிப்பாட்டுங்கோ, வயருக்கோ பைப்புக்கோ காவலா அடிச்ச தகடா இருக்கும், பலவந்தமா துளைக்கிற ஆக்களையும் கண்டிருக்கிறன்.

புத்தகமூட்டை:
அண்ணே ரொம்ப நன்றி. காந்தம் வேலை செய்யுது, ஸ்டட் ரெண்டு கிடைச்சிருச்சு, ஆணி வச்சும் பாத்துட்டேன். ஆனா கிளாம்பு வர்ற இடம் ரெண்டு ஸ்டட்டுக்கும் நடுவுல மாட்டுது, ஷெல்ஃபை நகத்தினா ஜன்னலை மறைக்கும். அந்த இடத்துக்கு டாகிள் போல்ட் (செவுத்துக்குள்ள போய் ரெக்கை விரிக்கிற போல்ட்) போட்டா போதுமா?

ஸ்கார்பரோ_தச்சன்:
போதும், ஆனா அதைவிட வடிவான வழி இருக்கு. ஒண் பை ஃபோர் (1x4) பலகை ஒண்டு வாங்கி, ரெண்டு ஷெல்ஃபின்ர அகலத்துக்கும் வெட்டி, ஷெல்ஃபின்ர மேல்மட்டத்துக்கு ஒட்டினாப்போல மேல சுவரில குறுக்கா வைச்சு, அதுக்குப் பின்னால இருக்கிற ஸ்டட் எல்லாத்துக்கும் ரெண்டு ரெண்டு ஸ்க்ரூ இறுக்குங்கோ. பலகையே முக்கால் இஞ்சி தடிப்பு, அதால இதுக்கு இரண்டரை இஞ்சி ஸ்க்ரூ எடுங்கோ. பிறகு கிளாம்பை அந்தப் பலகையில எந்த இடத்திலயும் இறுக்கலாம், ஸ்டட்டைத் தேடத் தேவையில்லை. ஆறரை அடிக்கு மேல இருக்கிறதால ஆரும் காணாயினம், சுவர் பெயின்டையே அதுக்கும் அடிச்சு விடுங்கோ. கிளாம்பின்ர மற்றப் பக்கத்தை ஷெல்ஃபின்ர மேல்தட்டில இறுக்கவேணும், பின்னால இருக்கிற மெல்லிசு மட்டையில இல்லை, அது கிழிஞ்சு வரும். மேல்தட்டு தடிப்பைவிட நீளம் குறைஞ்ச ஸ்க்ரூ போடுங்கோ.

மீனா_டவுன்டவுன்:
காண்டோவுல (அடுக்குமாடி வீட்டுல) இருக்குறவங்க யாராச்சும் இதைப் படிச்சா ஒரு விஷயம், எங்க பில்டிங்ல உள்ள மரமே இல்ல, தகர ஸ்டட். வுட் ஸ்க்ரூ போட்டா மெல்லிசு தகரத்துல சுத்திக்கிட்டே இருக்கும், பிடிக்காது. இங்க டாகிள் போல்ட்தான், அரை இஞ்சு ஓட்டை வழியா உள்ள போய் பின்னாடி ரெக்கை விரிச்சு ஜிப்சத்தோட பின்பக்கமா பிடிச்சுக்கும். ஷெல்ஃபுக்கு ரெண்டு போட்டிருக்கோம், உறுதியா நிக்குது. போல்ட்டை முழுசா கழட்டினா ஸ்பிரிங் ரெக்கை சுவத்துக்குள்ள விழுந்துடும், அதனால கிளாம்பை முதல்லயே போல்ட்டுல கோத்துட்டு அப்புறம் உள்ள விடுங்க.

லண்டன்_பாலா:
இங்க யு.கே.ல இன்னொரு கூத்து. ஜிப்சம் போர்டை செங்கல் மேல பசை உருண்டை உருண்டையா வச்சு ஒட்டியிருப்பான், தட்டினா சில இடம் வெத்து, சில இடம் கெட்டி, ஸ்டட்டே கிடையாது. அந்த மாதிரி செவுத்துக்கு போர்டு, இடைவெளி எல்லாத்தையும் தாண்டி பின்னாடி செங்கல்ல போய் பிடிக்கிற நீள ஃபிக்ஸிங்தான் சரி. எங்க நாட்டு ஆளுங்க கனடா வீடியோவைப் பாத்து காந்தத்தோட அலையாதீங்க.

புத்தகமூட்டை:
பலகை போட்டாச்சுண்ணே, மூணு ஸ்டட் சிக்குச்சு. தொங்கிப் பாத்தேன், அசையல. இப்ப ஒரு சின்ன சந்தேகம், ஷெல்ஃபை செவுத்தோட ஒட்டி வச்சா லேசா முன்னாடி சாஞ்ச மாதிரியே நிக்குது, ரூம்ல கார்ப்பெட்.

ஸ்கார்பரோ_தச்சன்:
அது கார்ப்பெட்டின்ர வேலை. சுவர் ஓரத்தில கார்ப்பெட்டைப் பிடிக்க ஆணிச்சட்டம் அடிச்சிருக்கு, பின்பக்கம் அதில ஏறி நிக்குது, முன்பக்கம் பஞ்சில அமிழுது. முன்பக்கத்துக்குக் கீழ மரச் சீவல் ஆப்பு ரெண்டு பக்கமும் குடுத்து, லெவல் வைச்சுப் பாத்து நேராக்கிப் போட்டு கிளாம்பை இறுக்குங்கோ. சாய்வா நிக்கேக்க இறுக்கினால் கிளாம்பு எப்பவும் இழுபட்டுக்கொண்டே இருக்கும். ரெண்டு ஷெல்ஃபையும் பக்கத்தில போல்ட் போட்டு ஒண்டாக்கி விட்டால் இன்னும் நல்லது. ஓனருக்குப் பயப்பிடாதேங்கோ, வீடு விடேக்க ஸ்பாக்கிள் எண்ட ஓட்டை அடைக்கிற பசையைப் பூசி, காய்ஞ்சாப் பிறகு உரஞ்சி, மேலால பெயின்ட் தொட்டு விட்டால் ஸ்க்ரூ ஓட்டை தெரியாது. நீங்கள் பிளாஸ்டிக் கட்டை புடுங்கின ஓட்டைக்குத்தான் கொஞ்சம் கூடப் பூசவேண்டி வரும்.