பிள்ளைக்கு அண்ணம் விரிக்கும் கருவி போட்ட அனுபவம் யாருக்காவது இருக்கிறதா?

வணக்கம். நாங்கள் திருகோணமலை, உப்புவெளி. மகனுக்கு 9 வயது. இரவில் பலமாகக் குறட்டை விடுவான். திடீரெனச் சத்தம் நின்றுவிடும், சில விநாடிகள் மூச்சே வராது, பிறகு திணறி எழும்புவான். பக்கத்தில் படுத்து விநாடிகளை எண்ணிக்கொண்டே கிடப்பேன். போன வருடம் டொன்சிலும் அடினொயிட்டும் (மூக்கின் பின்னால் இருக்கும் சதை) எடுத்தோம். பாதிதான் குறைந்தது.

இப்போது பல் சீரமைப்பு மருத்துவர், மேல் அண்ணம் ஒடுங்கியிருக்கிறது, விரிக்கும் கருவி போடலாம் என்கிறார். நடுவிலுள்ள திருகை நாளுக்குக் கால் சுற்று, அதாவது 0.25 மில்லிமீற்றர் அளவில், வீட்டில் நாங்களே திருப்ப வேண்டுமாம். இந்த வயதில் அண்ணத்தின் நடுப்பொருத்து, அதாவது இரு பக்க எலும்பும் சேரும் கோடு, இன்னும் இறுகாததால் எலும்பே விலகும், மூக்கின் வழியும் அகலும் என்று விளக்கினார். கீழ்த்தாடையை முன்னால் கொண்டுவரும் கருவி வேறு. அது தாடை பின்தங்கிய பிள்ளைகளுக்கு.

அக்காமார், அண்ணாமார், உங்கள் பிள்ளைக்குப் போட்டிருக்கிறீர்களா? சாப்பாடு, பேச்சு எப்படி இருந்தது? அப்புறம், தூங்கும்போது மூச்சைக் கவனித்து அளக்கும் தூக்கப் பரிசோதனையைக் கருவி போட்ட பிறகு மறுபடி செய்தீர்களா? குறட்டை குறைந்தால் மட்டும் போதாது, மூச்சு நிற்பதும் குறைய வேண்டுமே. பேராதனை பல் வைத்தியசாலைக்குக் கூட்டிப்போனவர்கள், இங்கிருந்து எத்தனை முறை போய்வர வேண்டியிருந்தது என்றும் சொல்லுங்கள்.