உயிர்ச்சுவட்டில் உடல் இல்லாதபோது: 'ட்ரேஸ் பொசில்' என்பதற்கு ஒரு சொல் வேண்டும்

செவ்வாய் இரவு, வெள்ளவத்தை
உயிரியல் ஆசிரியை

குழுவில் உள்ள எல்லோருக்கும் வணக்கம்.

சனிக்கிழமை காலை என் உயர்தர மாணவர்களுக்கு வகுப்பு. வெள்ளி பின்னேரம் நாலு மணிக்கு முன்னர் கையேட்டைப் போட்டோக்கொப்பிக் கடையில் கொடுத்தாக வேண்டும். எழுதி முடித்துவிட்டேன். ஒரே ஒரு சொல்லில் நிற்கிறேன்.

நம் பாடநூல்களில் பொசிலுக்கு 'உயிர்ச்சுவடு' என்று பெயர். எலும்பு, ஓடு, இலை எல்லாம் உயிர்ச்சுவடு. ஆனால் விலங்கின் உடல் துளியும் இல்லாமல், அது நடந்த அடி, தோண்டிய வளை, கடித்த பல்லடையாளம், கழித்த மலம் இவை மட்டும் கல்லாகிக் கிடந்தால்? ஆங்கிலக்காரர் அதை ட்ரேஸ் பொசில் என்கிறார்கள். ட்ரேஸ் என்றாலும் சுவடு, பொசில் என்றாலும் நமக்குச் சுவடு. 'சுவட்டு உயிர்ச்சுவடு' என்று எழுதிப் பார்த்தேன். வாய்விட்டு வாசித்ததும் வெட்டிவிட்டேன்.

கையேடு, 2025 மே மாதம் நேச்சர் சஞ்சிகையில் வந்த ஓர் ஆய்வைப் பற்றியது. அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் கிடைத்த ஒரு மணற்கல் பலகை. வயது ஏறத்தாழ 355 மில்லியன் ஆண்டு. அதில் விரல் பதிந்த அடிகள் இருக்கின்றன, விரல் நுனியில் நகத்தின் அடையாளம் இருக்கிறது, மழைத்துளி விழுந்த குழிகளும் இருக்கின்றன. எலும்பு ஒரு துண்டும் இல்லை. நகமுள்ள விரல் என்பது ஊர்வன, பறவைகள், முலையூட்டிகள் எல்லாம் அடங்கும் பெருங்கூட்டத்தின் அடையாளம். அந்தக் கூட்டத்துக்கு இதற்கு முன் கிடைத்த மிகப் பழைய சான்று கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் இருந்து வந்தது, 320 மில்லியன் ஆண்டுக்குச் சற்றுக் குறைவு. ஒரு மழை நாளில் சேற்றில் நடந்த ஒரு சிறு பிராணி அந்தக் கணக்கை 35 மில்லியன் ஆண்டளவு பின்னுக்குத் தள்ளியிருக்கிறது. இதைத் தமிழில் சொல்லும்போது சொல் இடறக்கூடாது.

வகுப்பு நடக்கும் ஒழுங்கையில் சீமெந்து போட்ட அன்று, காயும் முன் ஒரு நாய் குறுக்கே போயிருக்கிறது. ஏழு அடி. ஒவ்வொன்றிலும் நாலு விரல், பின்னால் மெத்தை, விரலுக்கு முன்னால் அரிசி முனை அளவில் ஒரு குழி. அது நகம். பூனை என்றால் அந்தக் குழி இராது. அது நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நடக்கும். போன கிழமை ஒரு பிள்ளை அதன் பக்கத்தில் குந்தியிருந்து விரலை அந்தக் குழிக்குள் வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "மிஸ், இதில நாய் இல்லையே? நாய் செய்ததுதானே இருக்கு?"

அவள் சொன்னதற்குத்தான் எனக்குச் சொல் வேண்டும்.


புதன் அதிகாலை, கொட்டாஞ்சேனை
இளைப்பாறிய மொழிபெயர்ப்பாளர்

அன்பு மகளுக்கு,

உங்கள் இக்கட்டின் வேர் 'உயிர்ச்சுவடு' என்ற சொல்லிலேயே இருக்கிறது. அது ஆறாம் வேற்றுமைத் தொகை, உயிரினது சுவடு. ஒன்று தான் போனபின் விட்டுச் சென்ற அடையாளம் எதுவோ அதுவே சுவடு. அப்படிப் பார்த்தால் நாயின் அடிதான் உண்மையான உயிர்ச்சுவடு. எலும்பு சுவடு அன்று, எலும்பு உடல். தொல்லுயிரியலாளர் பி. ஈ. பி. தெரணியகல இரத்தினபுரி மாணிக்கக் குழிகளின் சரளையிலிருந்து எடுத்து ஆராய்ந்த நீர்யானை, காண்டாமிருக எச்சங்களை எல்லாம் நாம் சுவடு என்று சொல்லிப் பழகிவிட்டோம். சிறப்புப்பெயராக இருக்கவேண்டியது பொதுப்பெயராகிவிட்டது. இடம் மாறிப்போயிற்று.

சுவடு என்பதும் சுவடி என்பதும் ஒரு வேர். ஓலையில் எழுத்தாணி கீறிய சுவடு இருப்பதால் சுவடி என்பார் சிலர். நான் அப்படி எண்ணவில்லை. சுவடி என்றால் இணை. இரண்டு ஓலையைச் சேர்த்துக் கட்டியது. நம் பேச்சில் உள்ள 'சோடி'யும் அதுவே. இரு காலும் இணைந்து பதிவது அடிச்சுவடு. ஆகையால் சுவடு என்ற சொல்லுக்குள்ளேயே காலடி இருக்கிறது.

என் பரிந்துரை வேறு. குறுந்தொகை 351இல் அம்மூவனார், 'அளைவாழ் அலவன் கூருகிர் வரித்த ஈர்மணல்' என்கிறார். அளையில் வாழும் நண்டு, கூரிய நகத்தால் ஈர மணலில் வரி போட்டிருக்கிறது. அலை வந்து அதைச் சிதைக்கிறது. உங்கள் அவுஸ்திரேலியப் பிராணி செய்ததும் அதுதானே? உகிரால் ஈரத்தில் வரித்தது. அலைக்குப் பதில் அங்கே மண் மூடியது, அது நின்றுவிட்டது. ஆகவே 'கல்வரி'. இரண்டே சொல், நாலே எழுத்து. நண்டை நான்கறிவு உயிர் என்று தொல்காப்பியம் வகுத்ததையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள்: 'நண்டும் தும்பியும் நான்கறி வினவே.'


புதன் காலை, சென்னை

வணக்கம். இங்கே இது தீர்ந்துபோன சிக்கல். பொசில் என்றால் புதைபடிவம். ட்ரேஸ் பொசில் தடப் புதைபடிவம். புதைபடிவத்தில் சுவடு இல்லாததால் மோதலும் இல்லை. உலகத் தமிழர் எல்லோருக்கும் ஒரே சொல் இருப்பதுதானே நல்லது?


புதன் மதியம், தெகிவளை
பாடநூல் பதிப்பாசிரியை

சென்னைத் தோழருக்கு,

ஒரே சொல் நல்லதுதான். ஆனால் எங்கள் பிள்ளைகள் எழுதப்போவது எங்கள் நாட்டுப் பரீட்சை. அங்கே வினாத்தாளில் உயிர்ச்சுவடு என்றுதான் இருக்கும். நீங்கள் பரிணாமம் என்பதை நாங்கள் கூர்ப்பு என்று படித்தோம். இயற்பியல் எங்களுக்குப் பௌதிகவியல், செல் எங்களுக்குக் கலம். இவை பிழையாகப் பிறந்த சொற்கள் அல்ல. 'கூர்ப்பும் கழிவும் உள்ளது சிறக்கும்' என்கிறது தொல்காப்பியத்தின் உரியியல். ஏற்கெனவே உள்ளது மிகுவது கூர்ப்பு. டார்வின் சொன்னதற்கு இதைவிட நெருங்கிய சொல்லை நான் காணவில்லை. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிசனறியான கிறீன் வைத்தியர் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் படிப்பித்த நிலம் இது. எங்கள் சொற்களுக்கு ஒரு வயது இருக்கிறது.

ஐயா, கல்வரி எனக்கு மிகப் பிடித்திருக்கிறது. ஆனால் வரி என்றதும் பதினேழு வயதுப் பிள்ளைக்கு வருமான வரிதான் நினைவு வரும். அது போக, மலம் கல்லானால் அதில் வரி எங்கே? வளை வரியா? சொல் அடிக்கு மட்டும் பொருந்துகிறது.

எச்சம் என்ற சொல்லையும் நான் முன்கூட்டியே மறுத்துவிடுகிறேன். 'தக்கார் தகவிலர் என்ப தவரவர் எச்சத்தாற் காணப் படும்' என்ற குறளில் எச்சம் என்றால் மக்கள் என்றார் பரிமேலழகர். இலக்கணத்தில் வினையெச்சம், பெயரெச்சம். முற்றத்தில் காக்கை எச்சம். ஒரு சொல் எத்தனை சுமக்கும்?


புதன் இரவு, பம்பலப்பிட்டி
புவிச்சரிதவியல் பட்டதாரி

எல்லோருக்கும் வணக்கம். நான் இந்தத் துறையில் படித்தவன் என்பதால் இரண்டு விடயம் சொல்ல வேண்டும்.

முதலாவது, இந்தச் சுவடுகளுக்குத் தனியாக அறிவியற் பெயர் வைக்கிறோம். அது விலங்கின் பெயர் அல்ல, செய்த வேலையின் பெயர். ஒரே நண்டு நடந்தால் ஒரு பெயர், தோண்டினால் இன்னொரு பெயர். வேறு வேறு விலங்குகள் ஒரே மாதிரித் தோண்டினால் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர். கேம்பிரியன் என்ற புவிக்காலத்தின் தொடக்கத்தையே அப்படி ஒரு சுவடுதான் குறிக்கிறது: ட்ரெப்டிக்னஸ் பீடம். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் ஃபோர்ச்சூன் ஹெட் என்ற கடலோரப் பாறையில், ஏறத்தாழ 539 மில்லியன் ஆண்டுக்கு முன், ஏதோ ஒரு புழு போன்ற உயிர் மண்ணுக்குள் ஊடுருவிச் சென்ற கிளைத்த வளை. 1992இல் அந்தப் பாறையை எல்லையாக ஏற்றுக்கொண்டார்கள். அந்தப் புழுவின் உடல் கிடைக்கவில்லை. ஓர் ஊழியின் வாசலில் நிற்பது ஒரு வேலை மட்டும், வேலை செய்தவர் இல்லை.

இரண்டாவது, மிஸ் சொன்ன மழைத்துளிக் குழிகள். அவையும் சுவடுதான், ஆனால் உயிரின் சுவடு அல்ல. எனவே புதுச்சொல்லில் 'உயிர்' விடுபட்டால் மழையும் உள்ளே வந்துவிடும்.

என் சொந்த விருப்பம், பொசில் என்றே எழுதுவது. என்னோடு படித்த சிங்கள நண்பர்கள் 'பொசில' என்கிறார்கள். களத்தில் நாங்களும் அப்படித்தான் பேசுகிறோம். பழைய பொருட்களை வைத்திருக்கும் இடத்தை இந்த ஊரில் நூதனசாலை என்கிறோம். நூதனம் என்றால் புதுமை. ஒருவரும் வழி தவறிப் போகவில்லை. சொல் விளங்கினால் போதும் என்பது என் கட்சி.


வியாழன் காலை, கொட்டாஞ்சேனை

தம்பி, நூதனசாலையை நல்ல எடுத்துக்காட்டாகக் காட்டவேண்டாம். அந்தச் சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் நோகும். விளங்கினால் போதும் என்றுதான் ஒவ்வொரு சொல்லாகக் கைவிட்டோம்.

வரி வேண்டாம் என்றால் 'தடச்சுவடு' என்று வையுங்கள். தடமாகிய சுவடு. ஒரே பொருளை இருமுறை சொல்வதாகத் தோன்றும். மீ என்றாலும் மேல், மிசை என்றாலும் மேல்; 'மீமிசை ஞாயிறு' என்று சொன்ன மொழி இது. ஒருபொருட்பன்மொழியை நன்னூல் வழு என்று தள்ளவில்லை.

மலம் கல்லானதைப் பற்றி பதிப்பாசிரியை கேட்டதால் ஒன்று. அதற்குச் 'சாணக்கல்' என்று சிலர் எழுதுகிறார்கள். சாணம் மாட்டுக்கு உரியது. மீன் தின்ற கடற்பிராணிக்குச் சாணம் ஏது? புவிச்சரிதவியலாளர் பக்லண்ட் 1829இல் அதற்குப் பெயரிடுமுன், இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ் கடற்கரையில் பொசில் தேடிய மேரி அன்னிங் அந்தக் கற்களை இக்தியோசோர் என்ற கடல் ஊர்வனவின் எலும்புக்கூட்டின் வயிற்றுப் பகுதியில் கண்டார். உடைத்துப் பார்த்தால் உள்ளே மீன் எலும்பு. 'மலக்கல்' என்று நேராகச் சொல்லுங்கள். கூச்சம் அறிவியலுக்கு ஆகாது.


வியாழன் இரவு, வெள்ளவத்தை
உயிரியல் ஆசிரியை

ஐயாவுக்கும் அக்காவுக்கும் தம்பிக்கும் சென்னைத் தோழருக்கும் நன்றி.

இன்று பின்னேரம் தண்டவாளத்தைக் கடந்து கடற்கரைக்குப் போனேன். ஐயாவின் பாட்டு மனதில் இருந்தது. ஈர மணலில் ஒரு சிறு நண்டு வளையிலிருந்து வெளியே வந்து, மணலை உருண்டையாக உருட்டித் தள்ளிவிட்டு, பக்கவாட்டாக ஓடியது. அதன் கால் நுனிகள் ஊசியால் குத்தியது போல இரண்டு வரிசைப் புள்ளி விட்டன. அதாவது ஒரு நண்டு, மூன்று அடையாளம்: வளை, உருண்டை, ஓட்டம். நான் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே அலை வந்து ஓட்டத்தை அழித்தது, உருண்டைகளைக் கரைத்தது, வளை மட்டும் மிஞ்சியது. தம்பி சொன்னது அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. பெயர் நண்டுக்கு அல்ல, நண்டு செய்ததற்கு.

ஆகவே உயிர்ச்சுவடு என்ற பொதுப்பெயரைத் தொடாமல் அதை இரண்டாகப் பிரிக்கிறேன். எலும்பு, ஓடு, இலை, பல் இவை 'உடற்சுவடு'. அடி, வளை, கடி, மலம் இவை 'செயற்சுவடு'. இரண்டும் உயிர்ச்சுவட்டின் பிரிவு என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டால் மழைத்துளி வெளியே நிற்கும். தடச்சுவடு அழகாக இருக்கிறது, ஆனால் தடம் என்றதும் பிள்ளை மறுபடியும் காலைத்தான் நினைப்பாள். மலத்தையும் வளையையும் அதற்குள் கொண்டுவர நான் பத்து நிமிடம் பேசவேண்டிவரும்.

பொசில் என்றே விடலாம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை, தம்பி. வகுப்பில் அந்தப் பிள்ளை "நாய் செய்தது" என்றாள். விடையைத் தமிழில் தானே சொல்லிவிட்டாள். அதை வாங்கி வைத்துக்கொண்டு வேற்றுச் சொல்லைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.


வெள்ளி காலை, தெகிவளை

செயற்சுவடு எனக்குச் சம்மதம். ஒரு தயக்கம் மட்டும்: வேகமாக வாசிக்கும் பிள்ளை 'செயற்கைச் சுவடு' என்று எடுத்துக்கொள்ளும். கையேட்டில் முதல் முறை வரும்போது தடித்த எழுத்தில் போடுங்கள்.


வெள்ளி காலை, பம்பலப்பிட்டி

வேர் மண்ணுக்குள் போன தடமும் இதே வகையில்தான் வரும். மரம் 'செய்தது' என்று சொல்வது கொஞ்சம் இடிக்கிறது. ஆனாலும் வேர் ஊன்றுவதும் செயல்தான் என்று வாதாடலாம். நான் எதிர்க்கவில்லை. 2025 ஜனவரியில் அறிவித்த இங்கிலாந்தின் ஒக்ஸ்ஃபோட்ஷயர் கல்லகழ்விடத்தில் டைனோசர் அடிகள் ஏறத்தாழ 200 இருக்கின்றன, 166 மில்லியன் ஆண்டு பழையவை. ஒரே விலங்கு நடந்த வரிசை ஒன்று 150 மீற்றருக்கு மேல் நீள்கிறது. தனி அடிக்கும் அந்த நீண்ட வரிசைக்கும் இரண்டு சொல் வேண்டும். 'அடி', 'அடித்தொடர்' சரிவருமா?


வெள்ளி மதியம், கொட்டாஞ்சேனை

பெரும்பான்மை உங்கள் பக்கம். மகள் கடைக்குக் கொடுக்கலாம். ஆனால் என் கருத்து பதிவில் இருக்கட்டும்: உடல் கிடந்தால் அது சுவடு அன்று. 'உடற்சுவடு' என்ற சொல்லை நான் எழுதமாட்டேன்.

சொல்லின் வேரைத் தேடி நான் அளவுக்கு மிஞ்சிப் போவதாகப் பதிப்பாசிரியை தொலைபேசியில் சொன்னார். 'மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா' என்ற தொல்காப்பிய நூற்பாவையும் நினைவூட்டினார். அந்த நூற்பா, காரணம் வெளிப்படத் தோன்றாது என்றுதான் சொல்கிறது. காரணம் இல்லை என்று சொல்லவில்லை. ஆகையால் தேடுவேன்.


வெள்ளி மாலை, வெள்ளவத்தை

மூன்றரைக்குக் கொடுத்துவிட்டேன், நாற்பது பிரதி. செயற்சுவடு தடித்த எழுத்தில் இருக்கிறது. அடித்தொடரையும் சேர்த்தேன். கடைசிப் பக்கத்தில் குறுந்தொகை வரியைப் போட்டு, 'உகிர் என்றால் நகம்' என்று கீழே எழுதியிருக்கிறேன்.

ஐயா, விலங்கு தோண்டியதை ஆங்கிலத்தில் பறோ என்பார்களே, அதற்கு 'வளை' என்றே எழுதினேன். பாட்டில் 'அளை' இருக்கிறது. இரண்டில் எதை வைப்பது என்று கேட்க நேரம் போதவில்லை. அடுத்த கையேட்டுக்கு முன் சொல்லுங்கள்.